பூட்டுக்கு யார் இன்ஷூரன்ஸ் எடுப்பார்?

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு மாலத்தீவின் மாலேயிலிருந்து ஒரு வாட்ஸப். "அண்ணே, 42 அடி பாய்ப் போட்டு, மாலே டு கொச்சி. என்னையே கேப்டனா போகச் சொல்லுதாவ. ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்குன்னு ஓனர் சொல்லுதாரு. போலாமா?"

அனுப்பியவன் தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்த பையன். இப்போது 27 வயது. அவன் இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முழுதாக மடங்காது. டீ கிளாஸைப் பிடித்தால் இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "கலெக்டர் டீ குடிக்கிற மாதிரி இருக்குல்லா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அந்த விரல்கள் நசுங்கிய அன்று நாங்கள் போன போட்டு என் கையில் இருந்தது. நான்தான் கேப்டன். அவனைக் கூலி பேசிக் கூட்டிப்போனவனும் நான்தான். கிளம்புமுன் அவன் அம்மா என்னிடம் கேட்டதும், நான் சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்கிறது. "ஒண்ணும் பயப்படாதீங்க அக்கா, போட்டுக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு."

ஆகவே பதில் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். மாலேயிலிருந்து கொச்சி கிட்டத்தட்ட 400 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் மூன்று நாள். அவனுக்கு அது பெரிய விஷயமே இல்லை, என்னைவிட நன்றாகப் பாய் விரிப்பான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, இதே வேலையில் பல வருஷம் தின்றவன் நான். போ என்று சொல்லவும் மனசு வரவில்லை. அந்த 'ஃபுல்' என்ற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

இந்தச் சொல்லை நான் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், ஆஸ்திரேலியரிடம் கேட்டிருக்கிறேன், சிங்கப்பூர் டாக்டர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் போட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். நாம்தான் அது நம்மைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் தாத்தா தோணியில் தண்டல். தூத்துக்குடியில் தோணிக்குக் கேப்டன் கிடையாது, தண்டல்தான். கொழும்புக்கும் மாலேக்கும் வெங்காயம், உப்பு, ஓடு என்று ஏற்றிப் போனவர். நடுக்கடலில் காற்று முறுக்கி, தோணியைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் தள்ள வேண்டி வந்தால், கரை சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு நோட்டரி முன்னால் போய் நின்று 'புரோட்டஸ்ட்' எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன நாள், இன்ன இடம், இப்படிக் காற்று, இப்படி அலை, எங்களால் ஆனதைச் செய்தோம், நஷ்டம் கடலால் வந்தது. தாத்தா அதைக் 'கடல்மேல கேஸ் போடுறது' என்பார். சரக்குக்காரனுக்கு நஷ்டஈடு கிடைக்க அந்தக் காகிதம் வேண்டும், தோணிக்காரனுக்கும் வேண்டும். தண்டலுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று சின்ன வயதில் கேட்டேன். "கைநாட்டு மை" என்றார். அப்போது அது எனக்கு ஜோக்காகத்தான் பட்டது.

கியர் லீவர்

நான் வணிகக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தவன். அப்புறம் மலேசியாவின் லங்காவித் தீவுக்கு வந்து இந்த உல்லாசப் படகு வேலைக்கு மாறிவிட்டேன். வேலை இரண்டு வகை. ஒன்று சார்ட்டர்: விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பகலில் தீவு சுற்றுவது, சாயங்காலம் சூரியாஸ்தமனம் காட்டுவது. இன்னொன்று டெலிவரி. முதலாளி ஓர் ஊரில் போட்டை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார், நாம் அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டெலிவரியில் நாள் கூலி. அன்றைக்கு எனக்கு நாளுக்கு 200 டாலர், பையனுக்கு அதிலிருந்து 60.

அந்தப் போட்டு 44 அடி கேட்டமரான். (கட்டுமரத்திலிருந்து வந்த பெயர்தான், ஆனால் உள்ளே ஃப்ரீசரும் நாலு பாத்ரூமும் உள்ள அதைக் கட்டுமரம் என்று கூப்பிட நாக்கு வரவில்லை.) இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து லங்காவி, சுமார் 1,150 கடல் மைல். ஏப்ரல் முதல் வாரம். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவம் இன்னும் எழாத நேரம். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. டெக்கில் டீசல் கேன்களைக் கட்டிக்கொண்டு பாதித் தூரம் எஞ்சினிலேயே ஓட்டினோம். இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனைக்குத் தெற்கே கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் பாதையைத் தாண்டியதும், சுமத்ராவின் வடமுனையை நெருங்கும்போது மிதந்துவந்த மரக்கட்டைகளுக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்ததும், மலாக்கா நீரிணை வாயில் விடியற்காலை 4 மணிக்கு 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) காற்று ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்ததும் எல்லாமே நல்லபடியாக முடிந்தன. கேட்டால் சொல்ல ஒரு கதைகூட இல்லாத பயணம்.

கதை மெரினாவுக்குள், அதாவது உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கும் துறைக்குள், நடந்தது. காலை 10 மணி. காற்று இல்லை, நீரோட்டம் இல்லை. எங்களுக்கு ஒதுக்கிய பர்த்துக்குள் (போட்டு நிறுத்தும் இடம்) திரும்ப வேண்டும். இரண்டு எஞ்சின் போட்டில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் போட்டால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரித் திரும்பும், சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். வலது லீவரை ரிவர்ஸுக்கு இழுத்தேன். லீவர் வந்தது. ஆனால் அது வந்த விதம் சரியில்லை, ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுகிற மாதிரி ஒரு வெறுமை. போட்டு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். போட்டு வேகமெடுத்தது. கியர் கேபிள் உள்ளே அறுந்து கியர் முன்னாலேயே மாட்டிக்கொண்டது, ஆக்ஸிலேட்டர் கேபிள் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. பின்னால் போகட்டும் என்று நான் கொடுத்த ஒவ்வொரு அழுத்தமும் போட்டை முன்னால் தள்ளியது. இது புரிந்து எஞ்சினை நிறுத்த எனக்கு ஏழெட்டு நொடி ஆகியிருக்கும். 11 டன் போட்டுக்கு ஏழெட்டு நொடி ரொம்ப அதிகம்.

அணியத்தில், போட்டின் முன்முனையில், பையன் நின்றிருந்தான், கையில் உரசலைத் தாங்கும் ஃபெண்டர். "கையைக் கொடுக்காதலே!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதா தெரியாது. எதிரில் நின்ற நீல நிறப் பாய்ப்படகின் விலாவில் எங்கள் வலது அணியம் ஏறியபோது ஒரு சத்தம், தேங்காய் உடைக்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அவன் சத்தம்.

என் பெயர் எதற்காக இருந்தது

நீலப் போட்டுக்கு ரிப்பேர் மதிப்பீடு 64,000 ரிங்கிட். விலாவில் ஃபைபர் உடைவு, ஓரத்து அலுமினியப் பட்டை வளைந்தது, வேலிக்கம்பி தாங்கும் மூன்று கம்பங்கள், அப்புறம் ஒரு பக்கம் பெயிண்ட் அடித்தால் நிறம் ஒத்துப்போகாது என்று முழு போட்டுக்கும் பெயிண்ட். நீலப் போட்டின் முதலாளி என்னிடம் கோபப்படவே இல்லை. "இதுக்குத்தானே இன்ஷூரன்ஸ்" என்று பியர் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு கடிதம் அனுப்பியது. ஒன்று எங்கள் முதலாளிக்கு, இன்னொன்று என் பெயருக்கு.

நான் பதறவில்லை. காரணம், என் பெயர் எங்கள் முதலாளியின் பாலிசியில் இருந்தது எனக்குத் தெரியும். பயணத்துக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என் சர்டிஃபிகேட்டுகளைக் கேட்டது, ஓட்டிய மைல்களின் பட்டியலைக் கேட்டது, கடைசி 5 வருஷத்தில் விபத்து உண்டா என்று கேட்டது. எல்லாம் கொடுத்தேன். 'இந்தக் கேப்டன் ஓட்டச் சம்மதம்' என்று மெயில் வந்தது. முதலாளி அதை எனக்கு அனுப்பினார், நான் ஸ்டார் போட்டு வைத்திருந்தேன். பெயர் இருக்கிறது என்றால் கவர், அதாவது பாலிசியின் பாதுகாப்பு, இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

லங்காவியில் ஒரு வயசான இன்ஷூரன்ஸ் புரோக்கர் இருந்தார், பினாங்குத் தமிழர். ஓய்வு பெற்றவர், இருந்தாலும் விஷயம் கேட்டால் சொல்வார். அந்த மெயிலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, வீட்டுக்குத் திருட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கதவுல என்ன பூட்டு போட்டிருக்கேன்னு கேப்பான். நல்ல கம்பெனி பூட்டுன்னு எழுதுவே. அதுக்காகப் பூட்டுக்கு இன்ஷூரன்ஸ்னு ஆயிடுமா? நீ பூட்டு."

அப்புறம் முழுப் பாலிசியையும் கொண்டுவரச் சொன்னார். நான் அதுவரை முதல் பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன்: போட்டின் பெயர், மதிப்பு, எங்கெங்கே ஓட்டலாம் என்ற எல்லை. பின்னால் இருந்தது 1985 நவம்பர் 1 தேதியிட்ட இன்ஸ்டிட்யூட் யாட் கிளாஸஸ், லண்டனில் எழுதப்பட்டு உலகமெல்லாம் சுற்றுகிற பழைய அச்சு. அதில் மூன்றாம் நபருக்கு ஆகும் சேதத்தைப் பற்றிய பகுதியில் ஒரு வாசகம் உண்டு. முதலாளியின் அனுமதியோடு போட்டை ஓட்டுகிற எவருக்கும் இந்தப் பாதுகாப்பு நீளும் என்கிறது. படித்ததும் எனக்கு உயிர் வந்தது. "அடைப்புக்குறிக்குள்ள படி" என்றார். அங்கே ஒரு விலக்குப் பட்டியல்: கப்பல் பட்டறைக்காரர், ரிப்பேர் பட்டறைக்காரர், மெரினாக்காரர், படகு கிளப், விற்பனை ஏஜென்சி, டெலிவரி கான்ட்ராக்டர், இவர்களையும் இவர்களிடம் வேலை பார்ப்பவர்களையும் தவிர.

அதாவது முதலாளியின் மச்சான் ஒரு பியரைக் குடித்துவிட்டு ஓட்டி மோதியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கூலி வாங்கிக்கொண்டு ஓட்டிய எனக்குத்தான் இல்லை. அந்த அடைப்புக்குறியின் தர்க்கம் புரியாமல் இல்லை. தொழிலாகச் செய்பவன் தன் தொழிலுக்குத் தானே இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளட்டும், உல்லாசத்துக்குப் போட்டு வைத்திருப்பவர் கட்டும் பிரீமியத்தில் அவன் ஏன் குளிர் காய வேண்டும் என்பதுதான். நியாயம்தான். ஆனால் நாளுக்கு 200 டாலர் பேசும்போது முதலாளியும் நானும் அந்த நியாயத்தைப் பேசவே இல்லையே.

எழுதலாமா வேண்டாமா

நான் அதிகம் யோசித்தது இதற்கு அடுத்து வந்த நாளைப் பற்றித்தான். சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். கேபிளைக் கழற்றினார். உறைக்குள் துரு, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கடைசி இழை அன்று போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்குச் சாதகமான விஷயம். பிறகு என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதிக் கேட்டார், கூடவே சாதாரணமாக ஒரு கேள்வி: "மெரினாவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ரிவர்ஸ் போட்டுப் பாத்தீங்களா?"

எல்லாக் கேப்டனும் செய்வதுதான் இது. இடுக்கான இடத்துக்குள் போகுமுன் வெளியிலேயே கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்ப்பது. அன்று இடது எஞ்சினில் பார்த்தேன். வலதைப் பார்க்கப் போன நேரம் மெரினாவிலிருந்து வாக்கிடாக்கியில் பர்த் நம்பரை மாற்றிச் சொன்னார்கள். பையனைக் கூப்பிட்டுக் கயிறுகளை மறுபக்கம் மாற்றச் சொன்னேன். அதன்பிறகு வலதைப் பார்த்தேனா? எவ்வளவு யோசித்தாலும் கை அந்த லீவருக்குப் போனதாக நினைவில்லை. பார்த்திருந்தால் கேபிள் அங்கேயே அறுந்திருக்குமா, அல்லது ஒரு இழை பாக்கி நின்று சரியாக வேலை செய்திருக்குமா? அது கடவுளுக்குத்தான் தெரியும்.

முதலாளிக்கு ஃபோன் பண்ணினேன். அவர் நல்ல மனுஷன். "உண்மையை எழுதுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. 1906 பிரிட்டிஷ் கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 55ஆம் பிரிவு, கேப்டனின் அல்லது மாலுமிகளின் கவனக்குறைவு இல்லாவிட்டால் நஷ்டம் வந்திருக்காது என்றாலும், கவரில் உள்ள ஆபத்தால் வந்த நஷ்டத்துக்குக் கம்பெனி பணம் தரத்தான் வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1963 சட்டமும் அதேதான். கடலில் மனுஷன் தப்புச் செய்வான் என்று தெரிந்தே எழுதிய சட்டம். ஆகவே நான் 'வலதைப் பார்க்கவில்லை' என்று எழுதினால் முதலாளிக்கு நயா பைசா குறையாது.

எனக்கு? அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு இருக்கிறது. எங்கள் முதலாளிக்குப் பணம் கொடுத்து முடித்ததும் அவருடைய கம்பெனி அவர் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். நஷ்டத்துக்கு யார் காரணமோ அவர்மீது முதலாளிக்கு என்ன உரிமை உண்டோ அதெல்லாம் கம்பெனிக்கு வந்துவிடும். தன்னிடம் பாலிசி உள்ளவர்மேல் அது திரும்ப முடியாது. ஆனால் நான் பாலிசிதாரர் இல்லையே, பூட்டுதானே. பூட்டு ஒழுங்காகப் பூட்டவில்லை என்று நான் என் கையாலேயே எழுதிக் கொடுத்தால்?

அன்று ராத்திரி காலியான கேட்டமரானில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சட்டம் படித்த நண்பன் ஃபோனில், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, ரிவர்ஸ் பார்த்தேன்னு எழுது, ஒரு எஞ்சின்ல பாத்தேல்ல, அது பொய்யா?" என்றான். பொய் இல்லை. அந்த வாக்கியம் அழகாகவும் இருந்தது. தாத்தாவின் புரோட்டஸ்ட் நினைவுக்கு வந்தது. கடல்மேல் கேஸ் போட அவருக்குக் காற்று இருந்தது, அலை இருந்தது. கண்ணாடி மாதிரிக் கிடந்த மெரினாத் தண்ணீரின்மேல் நான் என்ன கேஸ் போடுவது?

காலையில் எழுதிக் கொடுத்தேன். இடது எஞ்சினில் பார்த்தேன், வலதில் பார்த்த நினைவில்லை. இதை யோக்கியதைக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிஜக் காரணம் வேறு. மருத்துவமனையில் பையன் கேட்டிருந்தான்: "ஏன்ணே, கேபிளாண்ணே?" நான் "ஆமாலே, கேபிள்" என்று சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தை இரண்டாவது முறையும் பாதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

எங்கள் முதலாளியின் கம்பெனியிலிருந்து 'உங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு கடிதம் வந்தது. நாலு மாதம் அதைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அந்த நாலு மாதமும் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்கவில்லை. அதனால் போன டெலிவரி வேலைகள் எத்தனையோ. கடைசியில் கேபிளின் வயதையும் பராமரிப்பு நோட்டில் அது ஒருமுறைகூட மாற்றப்படாததையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இரண்டு வரி மெயில்.

மெஸ் ரூம் சுவர்

வணிகக் கப்பலில் இருந்தபோது இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சாப்பிடுகிற மெஸ் ரூமுக்கு வெளியே சுவரில் கண்ணாடி போட்டு இரண்டு சர்டிஃபிகேட் தொங்கும். கப்பலைக் கைவிட்டால் ஊருக்கு அனுப்பிவைக்கவும், சாவு, காயம் என்றால் நஷ்டஈடு தரவும் பணம் ஒதுக்கியிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. 2006 கடல் தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு 2014இல் வந்த திருத்தத்தின்படி அதை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும், 2017இலிருந்து அமல். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருநாளும் நின்று படித்ததில்லை. பெரிய கப்பலிலும் கேப்டனுக்குக் கஷ்டம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. 2007 டிசம்பரில் கொரியாவில் நங்கூரம் போட்டு நின்றிருந்த ஹெபெய் ஸ்பிரிட் டேங்கர்மேல் கிரேன் பார்ஜ் ஒன்று வந்து மோதி எண்ணெய் கொட்டியது. அதன் இந்தியக் கேப்டனும் சீஃப் ஆபீசரும் ஊர் திரும்ப 2009 ஜூன் ஆனது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் கம்பெனி நின்றது, யூனியன்கள் நின்றன.

அந்த ஒப்பந்தம் யாருக்குப் பொருந்தாது என்பதை இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். வணிகத்துக்கு ஓடாத கலங்களுக்குப் பொருந்தாது. ஆக, முதலாளி தன் உல்லாசத்துக்கு வைத்திருக்கும் போட்டு அவுட். அரபு டௌ, சீன ஜங்க் போன்ற மரபுவழிக் கலங்களுக்கும் பொருந்தாது. தாத்தாவின் தோணி இருந்திருந்தால் அதுவும் அவுட்தான்.

சார்ட்டர் பக்கம் வந்தால் கதை இன்னும் குழப்பம். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த போட்டில் நாலு டூரிஸ்டை ஏற்றிக் காசு வாங்கினால் அன்றைக்கு அந்தப் போட்டுக்கே கவர் இல்லாமல் போகலாம். 'நண்பர்கள், டீசல் செலவைப் பகிர்ந்துகொண்டோம்' என்று முதலாளி சொல்லச் சொல்வார். ஏதாவது ஆனால், வாட்ஸப்பில் பேசிய ரேட் முதலில் வெளியே வரும். 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து சவுதாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் பாய்ப்படகு அட்லாண்டிக் நடுவில் அடிக்கட்டை கழன்று கவிழ்ந்தது. நாலு பேர் போனார்கள். கேப்டனுக்கு 22 வயது. உயிர்காப்பு மிதவை கவிழ்ந்த போட்டிலேயே, கட்டிவைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வணிக உபயோகத்துக்கான சர்டிஃபிகேட் காலாவதியாகியிருந்தது. பின்னால் வந்த வழக்கில், போட்டைத் திருப்பிக் கொண்டுபோகும் அந்தப் பயணம் வணிகமா உல்லாசமா என்ற கேள்வி எழுந்தது. போட்டில் இருக்கும்போது அந்தக் கேள்வியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? காற்று எத்தனை நாட், டீசல் எவ்வளவு பாக்கி, இதுதான் மண்டையில் ஓடும்.

விரல்

இவ்வளவு நேரம் என் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள். அந்த நாலு மாதமும் இப்படித்தான் இருந்தேன். கடிதம், 79ஆம் பிரிவு, பூட்டு. ஒருநாள் அந்தப் புரோக்கரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்தான் கேட்டார். "சரி, அந்தப் பையன் கை என்னாச்சு? அதுக்கு யார் குடுத்தா?"

ஆபரேஷனுக்கு 9,000 ரிங்கிட். என் கார்டில் தேய்த்தேன். டெலிவரியில் வந்தது அதிலேயே போனது. முதலாளி தன் பங்காக ஆயிரம் டாலர் அனுப்பினார், அனுப்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பாலிசியில் எதுவும் வராது என்று எனக்கு அதற்குள் தெரியும், அதே பகுதியில் கூலிக்கு வைத்த ஆட்களின் காயம் இதில் சேராது என்று தெளிவாக எழுதியிருந்தது. "அப்ப அவனுக்கு முதலாளி யாரு?" என்றார் புரோக்கர். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். 200இல் 60 கொடுத்து அவனைக் கூட்டிப்போனது நான். அடைப்புக்குறிக்குள் 'டெலிவரி கான்ட்ராக்டர், அவரிடம் வேலை பார்ப்பவர்' என்று இருந்ததே, அந்த இரண்டாவது ஆள் அவன்தான். முதலாளி என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தை அப்படியே அவன் அம்மாவிடம் சொன்னவனும் நான்தான். அவராவது தன் போட்டைப் பற்றிச் சொன்னார். நான் யாருடைய போட்டைப் பற்றிச் சொன்னேன்?

இப்போது எனக்கென்று ஒரு பாலிசி இருக்கிறது. கேப்டனின் சொந்தப் பொறுப்புக்கும், கூட வருபவர்களின் காயத்துக்கும் சேர்த்து. அமெரிக்காவில் லைசென்ஸ் விசாரணைக்கு வக்கீல் வைக்கக்கூடத் தனி இன்ஷூரன்ஸ் உண்டு, அதெல்லாம் நம் பக்கம் யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் 'கடைசி 5 வருஷத்தில் விபத்து உண்டா' என்ற கட்டத்தில் லங்காவியை எழுதினேன். பிரீமியம் ஏறியது. வருஷத்தில் ஒரு டெலிவரி முழுக்க அதற்கே போகிறது. கூடவே, ஒவ்வொரு முதலாளியிடமும் என் பெயரைக் கூடுதல் பாலிசிதாரராகச் சேர்க்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என்மேல் திரும்ப மாட்டோம் என்று கம்பெனியிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொல்கிறேன். பாதிப் பேர் செய்கிறார்கள், சிலருக்குச் செலவே ஆவதில்லை. மீதிப் பாதி 'யோசித்துச் சொல்கிறேன்' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் போட்டு வேறு யார் கையிலோ துறைமுகத்தை விட்டுப் போவதைப் பார்க்கிறேன்.

ராத்திரி 12 மணி வாக்கில் பையனுக்கு ஒருவழியாகப் பதில் போட்டேன். "பாலிசிய அனுப்பச் சொல்லுலே. முழுசா."

மறுநாள் மத்தியானம் ஃபோட்டோ வந்தது. முதல் பக்கம். போட்டின் பெயர், மதிப்பு, ஓட்டும் எல்லை, கீழே கேப்டன் என்ற இடத்தில் அவன் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய ஸ்மைலி.

"மத்த பக்கம் எங்கலே?" என்று கேட்டேன்.

தட்டுகிறான், நிறுத்துகிறான், மறுபடி தட்டுகிறான் என்று திரையில் காட்டியது. அப்புறம் வந்தது.

"அதெல்லாம் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாருண்ணே."